வாட்ஸ்அப் குழுக்கள் வந்தபிறகு ஃபோரங்கள் ஏன் காலியாயின? அங்கே நின்ற மாதிரி பதில்கள் இங்கே ஏன் நிற்பதில்லை?

கேட்டவர் குலசேகரம் பக்கம் ரப்பர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு அட்மின். மே பிறந்தால் துருசு (காப்பர் சல்பேட்) மருந்து பற்றிய ஒரே கேள்வி ஆள் மாற்றி ஆள் வருகிறது, பழைய ஃபோரங்களில், அதாவது கேள்வி பதில் திரிகளாக நின்ற இணைய மன்றங்களில், இந்தத் தொல்லை இல்லையே என்கிறார்.

தொல்லை அங்கேயும் இருந்தது. "முதலில் தேடிப் பாருங்கள்" என்று மாடரேட்டர் அதட்டுவார். பழைய திரியின் சுட்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய திரியைப் பூட்டுவார். அதட்டுகிறவர் கையில் கொடுக்க ஒரு சுட்டி இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் சொன்ன பதிலுக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது. கூகுள் அதற்குள் நுழையாது, புதிதாகச் சேருகிறவருக்குப் பழைய பேச்சு தானாகத் தெரியாது.

ஆட்கள் இடம் மாறியதைக் குறை சொல்வதற்கில்லை. ஃபோரத்தில் சேர மின்னஞ்சல், கடவுச்சொல், தமிழ்த் தட்டச்சு எல்லாம் வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. ரப்பர் பால் ஒட்டிய கையோடு தோட்டத்தில் நிற்பவர் மைக்கை அழுத்திப் பேசினால் போதும் என்றாயிற்று. ஃபோரம் காலத்தில் தட்டச்சு தெரிந்தவர்கள்தான் பேசினார்கள். மரத்தோடு கிடந்தவர்களில் பெரும்பாலோர் பேசவே இல்லை. இந்த லாபத்தை மறந்துவிட்டுப் பழைய காலத்தைப் புகழ்வது சரியல்ல.

நஷ்டம் எங்கே என்றால், பதிலும் அதற்கு வந்த திருத்தமும் பிரிந்துபோனதில். துருசையே எடுத்துக்கொள்வோம். மழைக்கு முன் இலை உதிர்வு நோய்க்குத் தெளிப்பது 1 சதவீத போர்டோ கலவை: துருசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இளமரங்களின் கவட்டையில் வரும் பிங்க் நோய்க்குப் பிரஷ்ஷால் பூசுவது 10 சதவீதப் பசை: அதே 1 கிலோ, அதே 1 கிலோ, தண்ணீர் மட்டும் 10 லிட்டர். இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர், துருசும் சுண்ணாம்பும்.

ஃபோரத்தில் ஒருவர் பசையின் அளவை மட்டும் எழுதியிருந்தால், அடுத்த பதிலில் இன்னொருவர் "இது பூசுகிற அளவு, தெளித்துவிடாதீர்கள், நாசில் அடைக்கும்" என்பார். அதற்கடுத்தவர், இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது என்பார். தேய்த்துத் துடைத்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் தளிர் கருகும் என்று நாலாவது ஆள் முடிப்பார். பல மாதம் கழித்துத் திரியைத் திறப்பவர் கண்ணில் இவ்வளவும் சேர்ந்தே படும்.

வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆவது முதல் மெசேஜ் மட்டும். அருமனைக் குழுவுக்கும் திற்பரப்புக் குழுவுக்கும் "1 கிலோ, 1 கிலோ, 10 லிட்டர்" போய்விடும். திருத்தங்கள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஒரு தடவைக்கு 5 சாட் என்று 2018-ல் இந்தியாவில் வந்த வரம்பு வேகத்தைத்தான் குறைத்தது. ஃபேஸ்புக் குழுவில் கமெண்ட் கூடவே இருக்கும். ஆனால் எந்தப் பதிவு யார் கண்ணில் படும் என்பது அல்காரிதம் கையில்.

தேடலும் இங்கே உடைகிறது. துருசு, துரிசு, மயில்துத்தம், காப்பர் சல்பேட், போதாததற்கு ஆங்கில எழுத்தில் தமிழ். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. குரல் பதிவு எதிலுமே வராது.

புது ஃபோரம் தொடங்காதீர்கள். ஃபோரம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் இலவச மென்பொருள்தான், 2 ஜிபி ராம் உள்ள சிறிய சர்வர் போதும். ஆனால் ஆள் வராது. பேச்சு வாட்ஸ்அப்பிலேயே நடக்கட்டும், பதில் மட்டும் வெளியே ஓரிடத்தில் சேரட்டும். ஒரு கூகுள் டாக் போதும். கேள்விக்கு ஒரு தலைப்பு. அந்தத் தலைப்புக்கே தனிச் சுட்டி எடுக்கலாம். பதிலின் கீழே மரத்தின் வயது, தெளிக்கவா பூசவா, எந்த மாதம், யார் சரிபார்த்தது, தேதி. கடைசி வரியில் அந்தப் பொருளின் எல்லாப் பெயர்களும் எல்லா எழுத்துக்கூட்டலும். இந்த வரியை விட்டுவிட்டால் மற்ற உழைப்பு வீண்.

அளவு தவறென்று தெரிந்தால் பழையதை அழிக்காதீர்கள். குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். பழைய ஃபார்வர்டை வைத்திருப்பவருக்குத் தன்னிடம் இருப்பது தப்பு என்று அப்போதுதான் தெரியும். குரல் பதிவுகளை இரண்டு வரியாகத் தட்டச்சு செய்ய வாரம் ஒருவர் பொறுப்பேற்கட்டும். ஒரே ஆள் தலையில் கட்டினால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும்.

டாக்கின் சுட்டியைக் குழுவில் பின் செய்யுங்கள். மூன்று மெசேஜ் வரை பின் செய்யலாம், அதிகபட்சம் 30 நாள். மாதம் பிறந்ததும் புதுப்பிக்க வேண்டும். டாக்கையும் மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள். குழுக்கள் இயங்கிய ஆர்குட் 2014-லும் யாகூ குரூப்ஸ் 2020-லும் மூடின. நகல் எடுக்காத தமிழ்க் குழுக்கள் பேசியதெல்லாம் நாளடைவில் போயிற்று.

பழைய பேச்சிலிருந்து தொடங்க, குழுவின் பேச்சைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யலாம்: படம் இல்லாமல் 40,000 மெசேஜ், படத்தோடு 10,000. பேச்சு வெளியே போகாமல் தடுக்கும் அட்வான்ஸ்டு சாட் பிரைவசி அமைப்பைப் போட்டிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. அட்மின் அதை அணைக்கும் முன் குழுவில் சொல்லிவிட வேண்டும். வரும் கோப்பில், நீங்கள் சேமிக்காத ஆட்களின் போன் எண் ஒவ்வொரு வரியிலும் இருக்கும். அதை நீக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.