இறக்கத்தில் ஒரு தகராறு

கேள்வி: ஜெர்மனியின் 05 002 நீராவி எஞ்சின் 1936-இல் சமதளத்தில் மணிக்கு 200.4 கி.மீ. ஓடியது. 1938-இல் இங்கிலாந்தின் மல்லார்ட், ஸ்டோக் பாங்க் இறக்கத்தில் 202.8 ஓடி அந்தச் சாதனையைத் தட்டிச் சென்றது. இறக்கத்தில் ஓடியதெல்லாம் ஒரு சாதனையா?
— வாசகர், ஈரோடு

பதில்: இறக்கமாம் இறக்கம்! கிராந்தம் நகருக்குத் தெற்கே தொடங்கும் ஸ்டோக் பாங்க், சுமார் 200 அடி போனால் ஓர் அடி இறங்கும். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சரிவே தெரியாது. இறக்கம் ரயிலைத் தள்ளும், சரி. ஆளை விட உயரமான சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றும்போது பேரிங்கை யார் காப்பாற்றுவது? டாமி பிரே என்ற ஃபயர்மேன் அள்ளிப் போட்ட கரி என்ன, தானாக உருண்டு அடுப்புக்குள் போயிற்றா?

எனக்கு இதில் பிடித்த விஷயம் சோம்பு. அந்த வகை எஞ்சின்களில் நடு சிலிண்டரின் பேரிங் சூடேறும் என்பது தெரிந்த கோளாறு. சூடேறினால் சோம்பு வாசனை அடித்துக் காட்டிக்கொடுக்கும்படி அதற்குள் ஒரு குப்பி வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை வேறு. நம் ஆட்கள் எஞ்சினில் இருந்திருந்தால் வாசனை வந்ததும் இலையைப் போட்டிருப்பார்கள். “குருமா தயார், பரோட்டா எங்கே?” என்று ஒருவர், “கறியா, காய்கறியா?” என்று இன்னொருவர். அதற்குள் பேரிங் உருகியிருக்கும். அங்கேயும் உருகத்தான் செய்தது. பீட்டர்பரோவில் மல்லார்டைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய எஞ்சினை மாட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை இல்லாமல் வந்து சேர்ந்த ஊர்வலம்!

இத்தனைக்கும் அந்த ஓட்டத்தைப் பற்றி ஊருக்குச் சொன்னது பிரேக் சோதனை என்று. நம் விசாரணைக் கமிஷன்களுக்குப் பெயர் வைப்பவர்கள் அங்கேதான் பயிற்சி எடுத்தார்களோ என்னவோ.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எஞ்சினை வடிவமைத்த நைஜல் கிரெஸ்லி, மணிக்கு 126 மைல் (அதுதான் அந்த 202.8 கி.மீ.) என்ற கணக்கை ஏற்கவில்லை. 125 என்பதே அவர் கட்சி. 1941-இல் அவர் காலமானார். 1948-இல் எஞ்சினில் பலகை மாட்டினார்கள்: 126! ஆள் போனதும் ஒரு மைல் ஏறிவிட்டது. நினைவு மலர்களில் மறைந்த கவிஞர்களின் நூல் எண்ணிக்கையை ஏற்றி எழுதும் ஒரு நண்பரோடு இதே விஷயத்தில் எனக்குப் பழைய தகராறு உண்டு. இதையும் படித்துவிட்டு ஃபோன் செய்வார். செய்யட்டும்.