வீட்டிலேயே தூங்கினால் காசா கேட்கிறார்கள்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கராக இருக்கிறேன். சம்பளம் 48,000 ரூபாய். சுற்றுலா என்றால் விடியற்காலையில் எழுந்து ஓடி, ஐந்து இடம் பார்த்து, அலுத்துப்போய்த் திரும்புவதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை 2026 உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி வாரத்தில் ஏற்காட்டில் ஆறு இரவு தங்கி, பகலெல்லாம் தூங்கி, இரவில் ஆட்டம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்காகவே மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டு ஆர்.டி. கட்டினேன். சுமார் 62,000 ரூபாய் வரும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு மூன்று நாள்தான் மிச்சம். கல்லூரியில் படிக்கும் மகன், கடன் வாங்கியாவது ஆட்டம் நடக்கும் அமெரிக்காவுக்கே போகலாம் என்கிறான். அம்மாவோ, "வீட்டிலேயே தூங்கினால் காசா கேட்கிறார்கள்?" என்கிறார். நான் செய்வது வீண் செலவா?

பதில்: முதலில் மகன் கணக்கை முடித்துவிடுவோம். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு ஆளுக்கு 185 டாலர் கட்டணம். மனைவி, மகன், மகளோடு நீங்கள் நான்கு பேர் என்றால் 740 டாலர். ரூபாயில் அறுபதாயிரத்தைத் தாண்டும். ஓராண்டு நீங்கள் சேர்த்தது முழுவதும் விண்ணப்பத்திலேயே கரைந்துவிடும். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. விமானம், தங்குமிடம், ஆட்டத்துக்கான டிக்கெட் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஐந்து லட்சம் தனிநபர் கடனை 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 16,850 ரூபாய். உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மகன் வேலைக்குப் போய்ப் பணம் சேர்க்கட்டும். 2030-இல் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில் ஆட்டம் இருக்கிறது.

அம்மாவின் கேள்வி அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. தூக்கத்துக்குக் காசு இல்லைதான். ஆனால் உங்கள் வீட்டில் பகல் பதினொரு மணிக்கு நான்கு பேரும் தூங்க முடியுமா? குக்கர் விசில், கேஸ் சிலிண்டர்காரர், "சும்மா பார்த்துட்டுப் போகலாமென்று வந்தேன்" என்னும் உறவினர். இவ்வளவுக்கும் எழுந்து பதில் சொல்வது உங்கள் மனைவிதான் என்று ஊகிக்கிறேன். நீங்கள் காசு கொடுக்கப்போவது அவர் ஆறு நாள் அடுப்படிக்குப் போகாமல் இருப்பதற்கு. ஆகவே செலவைக் குறைக்கிறேன் என்று சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்துவிடாதீர்கள். அப்புறம் அம்மா சொன்னதே சரியாகிவிடும்.

தேதிகளைப் பார்ப்போம். அரையிறுதிகள் அங்கே ஜூலை 14, 15 பிற்பகலில். நமக்கு அடுத்தடுத்த நாள் நள்ளிரவு 12.30. இறுதி ஆட்டம் ஜூலை 19 ஞாயிறு, நம் கடிகாரத்தில் திங்கள் பிறந்து அரை மணி நேரம் கழித்து. செவ்வாய் மாலை கிளம்பித் திங்களன்று இறங்கினால் ஆறு இரவு.

இரண்டு அறை எடுங்கள். ஒன்றில் ஆட்டம், இன்னொன்றில் தூக்கம். கோல் விழும்போது உங்கள் மகன் கத்துவதைக் கேட்டு விழித்துக்கொள்ள யாரும் மலையேற வேண்டியதில்லை. அறைக்கு நாள் வாடகை 3,000 என்றால் ஆறு இரவுக்கு 36,000. ஐந்து சதவீத ஜிஎஸ்டியோடு 37,800. உணவுக்கு நாளுக்கு 2,000 வீதம் 12,000. போக வர 5,000. மொத்தம் 54,800. மிச்சம் 7,200.

இதில் நீங்கள் எழுதாத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. புதன் முதல் சனி வரையும் திங்களும் சேர்த்து ஐந்து நாள் கடைக்குப் போகமாட்டீர்கள். மூன்றுதான் விடுப்பு. மற்ற இரண்டு நாளுக்குச் சம்பளப் பிடித்தம் 3,200 ரூபாய். கணக்கர் ஒருவருக்கு இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆக, கையில் நிற்பது 4,000. அதை மருந்துக்கும் மழைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசைப்பட்டுப் பெரிய விடுதிக்குத் தாவினால் ஒரு கண்ணி உண்டு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். அதைத் தாண்டினால் பதினெட்டு. 7,400 ரூபாய் அறைக்கு நீங்கள் கொடுப்பது 7,770. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது. அதோடு, பத்து மணிக்கு முடிந்துவிடும் காலை உணவை வாடகையில் சேர்த்துக்கொள்ளும் விடுதி உங்களுக்கு வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள். உணவில்லாக் கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பணம் அனுப்புமுன் தொலைபேசியில் ஒன்று கேளுங்கள்: மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் டிவியும் வைஃபையும் ஓடுமா, விளக்கு மட்டுமா? அப்புறம், திங்கள் காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். 2022-இல் போல இறுதி ஆட்டம் பெனால்டி வரை இழுத்தால் நீங்கள் படுக்கவே மூன்று மணி தாண்டிவிடும். கண் எரிச்சலோடு இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டியை இறக்க வேண்டாம். அரை நாள் வாடகை கொடுத்து மாலை வரை தூங்குங்கள். அந்த 4,000-ல் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.