மூன்று லட்சமும் முதல் குரூப்பும்

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம், முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், மனைவி பீடி சுற்றுகிறாள். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 22,000 ரூபாய் வரும். மூத்தவன் ஆறாம் வகுப்பிலிருந்து உள்ளூர் அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பில் 412 மார்க், கணக்கில் 78. சின்னவள் ஏழாவது படிக்கிறாள். பையனுக்கு எல்லாவற்றிலும் ஆசை. போன வருடம் படம் வரைந்தான், அப்புறம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையே கதி என்று கிடந்தான், இப்போது ஆடு வளர்க்கிறான், நடுவில் கம்ப்யூட்டர் என்கிறான். "ஒண்ணுல நில்லுல" என்றால் முழிக்கிறான். நீட் கோச்சிங்கோடு சேர்ந்த தனியார் பள்ளி ஒன்றில், ஹாஸ்டலில் போடச் சொல்கிறார் மைத்துனர். வருடம் 1,60,000. எஃப்.டி.யும் தபால் ஆபீஸ் ஆர்.டி.யுமாக 3,40,000 இருக்கிறது, மனைவியிடம் 6 பவுன் நகை. போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி.

இரண்டு வருடத்துக்கு 3,20,000 போனால் மிச்சம் 20,000. கல்லூரிச் செலவு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், பின்னாலேயே சின்னவள் வருகிறாள். இது உங்களுக்கே தெரிந்த கணக்கு. அந்தப் பள்ளியின் ரசீதில் வராத செலவு ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பையனுக்கு மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கிலேயே விழும். நாலு வருடப் படிப்புக்கு அது 48,000. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டான், பாக்கி இரண்டு வருடம். இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வளவும் போச்சு. கையிலிருக்கும் காசைக் கொடுத்து, வர வேண்டிய காசையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற கதை இது. ஒதுக்கீடு இருப்பதால் இடம் நிச்சயம் என்று அர்த்தமில்லை, மார்க் வேண்டும். ஆனால் அவன் போட்டி போடுவது அவனைப் போலவே அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளோடு.

அடுத்து அந்த நீட். பையன் சொன்ன பட்டியலை நாலு தடவை படித்தேன், அதில் எங்கேயும் டாக்டர் இல்லை. ஆடு இருக்கிறது. நம் மாநிலத்தின் இடங்களுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நீட் தேவையில்லை. கல்லூரியும் உங்களுக்குப் பக்கத்திலேயே, ராமையன்பட்டியில் இருக்கிறது. கட்-ஆஃப் உயரம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் படிக்க வேண்டியது பிளஸ் டூ பாடத்தை, கோச்சிங் மெட்டீரியலை இல்லை.

பதினைந்து வயதுப் பையன் நாலு பக்கம் ஓடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் வேதியியல் படித்தவன், இன்றைக்கு ஊரார் வட்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் மனம் எங்கே நிற்கும் என்று தெரியாதபோது, குறைந்த செலவில் நிறைய வாசல் திறந்திருக்கும் இடத்தில் அவனை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். அந்த இடம் உங்கள் ஊர்ப் பள்ளியின் முதல் குரூப், அதாவது கணக்கும் உயிரியலும் சேர்ந்தது. அதிலிருந்து பொறியியலுக்குப் போகலாம், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்குப் போகலாம், கால்நடைக்குப் போகலாம். பி.காம்., சட்டம், ஓவியக் கல்லூரி எதற்கும் தடை இல்லை. காமர்ஸ் எடுத்துவிட்டுப் பின்னால் பி.இ. என்று திரும்ப முடியாது. கணக்கில் 78 எடுத்தவன் முட்டி மோதிச் சமாளிப்பான். 50-க்குக் கீழே என்றால் இதையே சொல்லியிருக்க மாட்டேன், பேட்டை ஐ.டி.ஐ.யைக் காட்டியிருப்பேன். அங்கே எலெக்ட்ரீசியன் முடித்து நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் உண்டு.

சரி, ஆசைகளை என்ன செய்வது? இந்த விடுமுறைக்கு 10,000 ரூபாய் ஒதுக்குங்கள். அதைச் செலவு என்று நினைக்க வேண்டாம், விசாரணைக் கட்டணம். நம் பக்கத்து நாட்டு இனமான கன்னி ஆட்டில் இரண்டு குட்டி வாங்கிக் கொடுத்து, தீவனம், மருந்து, விற்ற விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் கால்நடை மருந்தகத்துக்கு அவனே பிடித்துக்கொண்டு போகட்டும், ஊசி போடும்போது பக்கத்தில் நிற்கட்டும். காயில் கடையில் ஒரு மாதம் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரட்டும். வேடிக்கை பார்க்கும்போது இருக்கும் ஆசை, ஒரே மாதிரி இருபதாவது மோட்டாரைப் பிரிக்கும்போதும் இருக்கிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும். படத்துக்கு நோட்டும் கலரும் வாங்க 1,000 ரூபாய் போதும்.

மிச்சப் பணத்தில் 70,000-ஐ அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மற்றதை இரண்டு எஃப்.டி.யாகப் பிரித்து, ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பதாகப் போடுங்கள். ஐந்து வருடம் எடுக்க முடியாத டெபாசிட், பிள்ளை பெயரில் பாலிசி என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடத்தில் வேண்டிய பணம் அது. நகையைத் தொடாதீர்கள். கல்லூரியில் பணம் குறைந்தால் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை ஜாமீன் சொத்தும் கேட்க மாட்டார்கள், கைப்பணமும் கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும்.

மனைவியிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. வருமான வரம்பும் உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இந்தத் திட்டம் முழுக்க நீங்கள் ஓட்டும் ஆட்டோ மேல்தான் நிற்கிறது. வங்கியில் வருடத்துக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் தருகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டு படிவத்திலும் இந்த வாரமே கையெழுத்துப் போடுங்கள். வாரிசு இடத்தில் மனைவி பெயரை எழுதி, கணக்கில் 456 ரூபாய்க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.