986 எஸ்ஸா, 987 எஸ்ஸா? பழைய பாக்ஸ்டர் வாங்கும் முன்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வார இறுதியில் ஓட்டப் பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று வாங்க ஆசை. கையில் 10,000 பவுண்டு இருக்கிறது. இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று முதல் தலைமுறை, 2003-ம் வருட 986 எஸ் (எஸ் என்றால் வலு கூடிய வகை), 3.2 லிட்டர். இன்னொன்று இரண்டாம் தலைமுறை, 2007-ம் வருட 987 எஸ், 3.4 லிட்டர். இரண்டும் மேனுவல், ஓடிய மைலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 987-க்கு 1,800 பவுண்டு அதிகம் கேட்கிறார்கள். 986-ல் ஏதோ பேரிங் உடைந்து எஞ்சினே போய்விடும், புதிய மாடலையே வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு கராஜ் கிடையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்:

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. 986-ன் பேரிங் பிரச்சினை கட்டுக்கதை அல்ல. ஆனால் அதற்குப் பயந்து 2007-ன் 3.4-ஐ வாங்கினால், கேள்விப்பட்ட ஒரு செலவிலிருந்து தப்பித்து, கேள்விப்படாத இன்னொரு செலவிடம் போய் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அது முதலாவதைவிடப் பெரியது. இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் 986 எஸ்ஸை எடுங்கள். மூன்றாவதாக ஒரு காரைத் தேடப் பொறுமை இருந்தால் 987-ல் 2.7 லிட்டரைத் தேடுங்கள்.

முதலில் அந்தப் பேரிங். பாக்ஸ்டரின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை இரு பக்கத்து கேம் ஷாஃப்டுகளுக்கும் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு உண்டு. இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ். அதன் ஒரு முனை, ஃப்ளைவீல் பக்கம், ஒரு பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. கிரீஸ் போட்டு மூடிய பேரிங் அது. நாளடைவில் மூடியின் ஓரமாக எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடும். உள்ளே போன ஆயிலோ புதிதாக மாறுவதில்லை, அங்கேயே பழசாகிக் கிடக்கும். கடைசியில் பேரிங் தேய்ந்து உடைந்தால் தண்டு நகரும், டைமிங் செயின் தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சின் முடிந்தது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தப் பேரிங் எல்லா வருடத்திலும் ஒன்றல்ல. 1996 கடைசியில் வந்த முதல் 2.5 லிட்டர் கார்களில் இரட்டை வரிசை பேரிங் இருந்தது. அது ஓரளவு உறுதியானது. 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள். பேர் கெட்டது அதனால்தான். அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்து 2013-ல் சமரசத்தில் முடிந்த வழக்கும் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றியதே. 2006-ஐ ஒட்டிப் பெரிய பேரிங் வந்தது. அது உடைவது அபூர்வம். ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதை மாற்றவும் முடியாது. 2009 மாடலில்தான் அந்தத் தண்டையே எடுத்துவிட்டுப் புது எஞ்சின் வைத்தார்கள். ஆகவே பழையது மோசம், புதியது பத்திரம் என்ற கணக்கு இங்கே நேராக வராது. 1998 காரின் பேரிங் 2004 காரின் பேரிங்கைவிட வலுவானது. 2005-ன் 987-லோ இரண்டில் எதுவும் இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கி நடு நட்டைப் பார்த்தால்தான் தெரியும். 22 மி.மீ. நட் என்றால் பெரிய பேரிங், 13 மி.மீ. என்றால் சின்னது.

உங்கள் 2003 எஸ்ஸில் இருப்பது ஒற்றை வரிசை. அதே சமயம் அதுதான் மாற்றக்கூடியதும். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது, கூடவே இந்தப் பேரிங்கையும் கிராங்கின் பின் சீலையும் மாற்றிவிடுவது வழக்கம். போர்ஷே வேலை தெரிந்த தனியார் கராஜில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பவுண்டு வரை ஆகும். விற்பவரிடம் ஏற்கெனவே மாற்றிய பில் இருந்தால் நல்லது. வாயால் சொன்னால் போதாது. எந்தத் தேதியில், எந்த கராஜில், எந்தப் பேரிங் போட்டார்கள் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் அந்தத் தொகையைக் காரின் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். இரண்டு காருக்கும் நடுவிலுள்ள 1,800 பவுண்டு வித்தியாசம் கிட்டத்தட்ட இந்த வேலைக்கே சரியாகப் போகும்.

இப்போது 3.4. அதில் இருப்பது பெரிய பேரிங், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலை சிலிண்டர் சுவரைப் பற்றியது. இந்த எஞ்சின்களில் சிலிண்டரின் உள்சுவர் சிலிக்கான் துகள் கலந்த அலுமினியம். அதில் உரசும் பிஸ்டனுக்குக் காப்பாக மேலே ஒரு பூச்சு உண்டு. பூச்சு தேய்ந்தால் அலுமினியமும் அலுமினியமும் நேராக உரசி, சுவரில் நீளவாக்கில் கீறல் விழும். குளிரில் எழுப்பியதும் எஞ்சினை முறுக்குவது, நாள் முழுக்க ஒரு மைல், இரண்டு மைல் என்று சின்ன ஓட்டம், ஆயிலை இழுத்தடித்து மாற்றுவது எல்லாம் இதை வேகப்படுத்தும். 2.7-ன் சிலிண்டர் விட்டம் 85.5 மி.மீ., 3.2-க்கு 93, இந்த 3.4-க்கு 96. விட்டம் கூடக் கூடச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள உலோகம் மெலிகிறது. 2.7-ல் இந்தக் கீறல் அரிது, 3.2-ல் குறைவு, 3.4-ல்தான் அதிகம் பார்க்கிறோம்.

பேரிங்கை முன்கூட்டியே மாற்றித் தப்பிக்கலாம். கீறலுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. வந்துவிட்டால் எஞ்சினை முழுக்கப் பிரித்து, சிலிண்டருக்குப் புது லைனர் (உள் உறை) போட்டு, புதுப் பிஸ்டனோடு மறுபடி கட்ட வேண்டும். அந்தச் செலவு நீங்கள் காருக்குக் கொடுக்கும் விலையையே தொட்டுவிடும். அதற்காக எல்லா 3.4-ம் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. நல்லவை நிறைய ஓடுகின்றன. ஆனால் என்டோஸ்கோப் என்ற நுண் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்காமல் 2007-ன் 3.4-ஐ வாங்கவே வாங்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்ப்பது மட்டும் போதாது. எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்து பார்த்தால்தான் கீறல் தொடங்கும் இடம் தெரியும். சில நூறு பவுண்டு ஆகும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது ஆண்டுச் சாலை வரி. காரின் புகை அளவை வைத்துப் பிரிவு பிரித்து வசூலிப்பது. நண்பர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார், கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டாலும் கே பிரிவோடு நின்றுவிடும். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பதிவானது என்றால் எல் அல்லது எம் பிரிவு. கே-க்கும் எல்-லுக்கும் நடுவே வருடத்துக்கு ஏறக்குறைய 300 பவுண்டு வித்தியாசம். 2007-ன் 3.4 அந்த 225-ஐத் தாண்டிவிடும். வாரம் ஒரு நாள் ஓட்டும் காருக்கு இது உறுத்தும் செலவு. 2.7 அந்தக் கோட்டை ஒட்டியே வருகிறது, ஆகவே வி5சி பதிவுத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் தேதியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹாரோ என்பதால் யூலெஸ்ஸும் உண்டு, அதாவது அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. தேறாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2007 பெட்ரோல் காருக்குப் பிரச்சினை இருக்காது. 2003 பாக்ஸ்டர்களும் பல தேறிவிடுகின்றன, ஆனால் அனுமானம் வேண்டாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அந்தக் காரின் பதிவெண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஆரம்பகால 2.5-களைப் பற்றி லண்டன்வாசிகளிடம் நான் பேசாமல் இருப்பது இதனால்தான்.

ஓட்டும் சுகம்? 986 எஸ் 260 குதிரைத்திறன், 987-ன் 3.4 எஸ் 295. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட முன்னது 5.7 நொடி, பின்னது 5.4. சாலையில் இதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஸ்டீரிங் இரண்டிலும் ஹைட்ராலிக். மின்சார ஸ்டீரிங் 2012-ல் அடுத்த தலைமுறையான 981-ஓடு வந்தது. அதை ஓட்டிவிட்டு இவற்றில் ஏறினால் கையில் தெரியும் வித்தியாசம் பெரியது. உள்ளே உட்கார்ந்தால் 987 ஒரு படி மேல்தான், அதை மறுக்க முடியாது. 986-ன் பிளாஸ்டிக் மட்டம், பொத்தான்களின் பூச்சு உரியும். உங்களுடையது 2003 என்பதால் ஆறுதல் உண்டு: முந்தையவற்றில் இருந்த மஞ்சளாகும் பிளாஸ்டிக் பின்ஜன்னல் போய்க் கண்ணாடி வந்துவிட்டது, முதல் மாடல்களில் இல்லாத கிளவ் பாக்ஸும் வந்துவிட்டது. முன்விளக்குகள் பொரித்த முட்டை மாதிரி இருக்கின்றன என்று கிண்டல் செய்வார்கள். பழகிவிடும்.

ஏன் 987-ன் 2.7-ஐப் பரிந்துரைக்கிறேன் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். உள்ளலங்காரம் 987, எஞ்சின் இந்தக் குடும்பத்திலேயே தொல்லை குறைந்தது, 240 குதிரைத்திறன். அதிலும் 2006-ல் பெரிய பேரிங் வந்த பிறகு, ஆனால் மார்ச் 23-க்கு முன் பதிவானது கிடைத்தால் இரண்டு பக்கமும் லாபம். அப்படிப்பட்டது அடிக்கடி விற்பனைக்கு வராது, வந்தால் விடாதீர்கள். 2009-க்குப் பிந்தைய 2.9 இன்னும் நல்ல கார்தான், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் 2.9-க்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது கதை இருக்கும். விபத்து, இல்லாத சர்வீஸ் புத்தகம், அந்த மாதிரி.

காரைப் பார்க்கப் போகுமுன், அரசுத் தளத்தில் எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாக எடுத்துப் பாருங்கள். மைல் எண் வருடா வருடம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா, பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கிறது, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று எழுதி, அடுத்த வருடமும் அதே வரி திரும்ப வருகிறதா என்று பாருங்கள். திரும்ப வந்தால் உரிமையாளர் செலவு செய்யாதவர். போன் செய்யும்போதே, நான் வரும்வரை எஞ்சினை எழுப்பாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எழுப்பியதும் சிறிது புகை வந்து நின்றால் பயமில்லை, படுத்த சிலிண்டர் எஞ்சினின் சுபாவம் அது. நிற்காமல் வந்தாலோ, சூடான பிறகும் ஒரு பக்கத்திலிருந்து டிக் டிக் என்று கேட்டாலோ விட்டுவிடுங்கள். பின் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கூலன்ட் தொட்டி விரிசல் விட்டிருக்கலாம். ஏசி குளிர்கிறதா பாருங்கள். ரேடியேட்டரும் கண்டன்சரும் முன் பம்பருக்குள் இருப்பதால் அங்கே இலைதழை சேர்ந்து அரித்துவிடும். நான்கு டயரும் நான்கு மலிவு பிராண்டாக இருந்தால், ஆயிலிலும் அதே சிக்கனம்தான் காட்டியிருப்பார்கள்.

விற்பவர்கள் சிலர் இது ஸ்டுட்கார்ட்டில் செய்தது, ஃபின்லாந்து வண்டி இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். பாக்ஸ்டர்களில் கணிசமானவை ஃபின்லாந்தின் ஊசிகாபுங்கியில் வால்மெட் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. சேசிஸ் எண்ணின் 11-வது எழுத்து யூ என்றால் அது. எஞ்சின் ஒன்றே. அதற்காக ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தெருவில் நிறுத்துவது. துணிக்கூரை மழையைத் தாங்கும், வடிகால் துளைகள் திறந்திருக்கும் வரை. கூரை மடங்கும் இடத்தின் இரு ஓரத்திலும் துளைகள் இருக்கின்றன. மரத்தடியில் நிறுத்தினால் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே இறங்கும். திருட்டைத் தடுக்கும் இமொபிலைசரையும் கதவுப் பூட்டையும் நடத்தும் கண்ட்ரோல் யூனிட் சீட்டுக்கு அடியில் தரையில்தான் இருக்கிறது. அது நனைந்தால் காரும் எழும்பாது, கதவும் ஒழுங்காகத் திறக்காது, புது யூனிட்டும் மலிவில்லை. பார்க்கப் போகும்போது சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் மாதம் ஒருமுறை அந்தத் துளைகளைச் சுத்தம் செய்துவிடுங்கள். அப்புறம் பேட்டரி. அலாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் விட்டால் இறங்கிவிடும். 987-லும் பிந்தைய 986-லும் முன் டிக்கி மின்சாரத்தில் திறப்பது, பேட்டரியோ அந்த டிக்கிக்குள். கால் வைக்கும் இடத்திலுள்ள ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை உண்டு. அதில் ஜம்ப் லீடின் பாசிட்டிவைக் கொடுத்து, நெகட்டிவைக் கதவின் உலோகக் கொண்டியில் பிடித்தால் டிக்கி திறக்கும். கார் வாங்கிய அன்றே அந்த முனை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.