இப்போ படிச்சிட்டு இருக்கிறது: ஒரு குண்டு நாவல், நிறைய புறா, கொஞ்சம் குறுந்தொகை

கேள்வி இதுதான்: "நீங்க இப்போ என்ன புக் படிச்சிட்டு இருக்கீங்க, எப்படி இருக்கு, அடுத்தவங்களுக்கும் சொல்வீங்களா?"

மூணு புக் ஒரே நேரத்துல ஓடிட்டு இருக்குங்க. டால்ஸ்டாயோட போரும் வாழ்வும், டார்வினோட உயிரினங்களின் தோற்றம், அப்புறம் குறுந்தொகை. லிஸ்ட்ட பாத்துட்டு பெரிய படிப்பாளின்னு நெனச்சுடாதீங்க, கை சும்மா இருந்தா ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கற ஆள்தான் நானும். இந்த மூணையும் எடுத்ததுக்குக் காரணம், பேரு எல்லாருக்கும் தெரியும், படிக்காதவங்களுக்கும் அதப் பத்தி ஒரு அபிப்ராயம் இருக்கும். ஆனா உள்ள போனா அந்த அபிப்ராயத்துக்கும் புக்குக்கும் சம்பந்தமே இல்ல. மூணுலயும் எனக்கு இதேதான் நடந்துட்டு இருக்கு, அதனால அத வெச்சே சொல்றேன். (நாவல்ல நடக்குற சிலது கீழ வரும், கதை தெரியக்கூடாதுன்னா அந்தப் பகுதிய மட்டும் தாண்டிடுங்க.)

முதல்ல டால்ஸ்டாய். இந்த புக்குன்னாலே ஜனங்க சொல்றது ரெண்டே விஷயம், ரொம்பப் பெருசு, ரொம்பக் கனம். பெருசுங்கறது சரி, நாலு வால்யூம், அதுக்கு மேல ரெண்டு பகுதியா ஒரு பின்னுரை, மொத்தம் 361 அத்தியாயம், கிட்டத்தட்ட 600 கதாபாத்திரம். கனம்ங்கறதுதான் பொய். ஆரம்பமே 1805 ஜூலைல பீட்டர்ஸ்பர்க்ல ஒரு பெரிய வீட்டு பார்ட்டி, வந்தவங்க எல்லாம் பிரெஞ்சுல பேசிக்கிட்டு, யாரு யாரக் கல்யாணம் பண்ணலாம், யாருக்கு எந்தப் பதவிய வாங்கிக் குடுக்கலாம், சாகப்போற பணக்காரக் கிழவரோட சொத்து யாருக்குப் போகும், இதேதான் பேச்சு. படிச்சா மெகா சீரியல் மாதிரி ஓடுது, ஆனா எழுதினவருக்கு மனுஷங்கள உள்ளயும் வெளியவும் தெரியும், வித்தியாசம் அவ்ளோதான். முதல் பகுதிங்க 1865ல ஒரு பத்திரிகைல தொடரா வந்தது, முழுப் புத்தகமா முடிஞ்சது 1869ல. அதனாலயோ என்னவோ அத்தியாயம் எல்லாம் குட்டி குட்டியா இருக்கு, நிறைய அத்தியாயம் நாலஞ்சு பக்கத்துலயே முடிஞ்சிடும். நாளுக்கு ஒண்ணுன்னு வெச்சா கிட்டத்தட்ட ஒரு வருஷம் வரும்னு அப்படியே படிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அது ஒத்து வரல, ஏன்னா சில நாள் நிறுத்தவே முடியாது.

600 பேர எப்படி ஞாபகம் வெச்சுக்கறதுன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. ரஷ்யப் பேருங்க தொல்லைதான், ஒரே ஆள அப்பா பேரச் சேத்து ஒரு மாதிரி கூப்பிடுவாங்க, செல்லமா வேற மாதிரி, குடும்பப் பேர்ல இன்னொரு மாதிரி. ஆனா மனுஷன் ஒரு வேல பண்ணியிருக்காரு பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் உடம்புல ஒரே ஒரு அடையாளத்த ஒட்டி வெச்சிட்டு, அந்த ஆள் வரும்போதெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. ஆந்த்ரேயோட பொண்டாட்டிக்கு லேசா பூனை மயிர் இருக்கற குட்டையான மேலுதடு, ஹெலனுக்கு தோள்பட்டை, மரியாவுக்கு அழகில்லாத மூஞ்சில பளபளன்னு ரெண்டு கண்ணு, அவ நடந்து வந்தா தொம் தொம்னு சத்தம். நூறு பக்கம் கழிச்சு அந்த உதடு திரும்ப வந்தா போதும், பேரு மறந்திருந்தாலும் ஆள் ஞாபகத்துக்கு வந்துடுறாங்க. அதனால பேப்பர்ல சார்ட் எல்லாம் போட்டுட்டு உக்காராதீங்க, கொஞ்சம் குழம்பினாலும் படிச்சுட்டே போங்க.

இதுவரைக்கும் எனக்குப் புடிச்ச இடம் போர் இல்ல. நிக்கலாய்னு ஒரு பையன், சீட்டாட்டத்துல ஒரே ராத்திரில 43,000 ரூபிள் தோத்துடுறான், அந்த 43ங்கற நம்பர் எதிராளி வேணும்னே முடிவு பண்ணது, அந்த எதிராளி தன் வயசையும், நிக்கலாய காதலிக்கற சோன்யாவோட வயசையும் கூட்டினா வர்ற நம்பர் அது. என்ன ஒரு கெட்ட புத்தி பாருங்க, சோன்யாவ அந்த எதிராளிக்கும் புடிச்சிருக்கு, அதான். நிக்கலாய் செத்துடலாம்ங்கற மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு வீட்டுக்கு வரான், அங்க தங்கச்சி நட்டாஷா பாடிட்டு இருக்கா, அவ ஒரு உச்ச ஸ்வரத்த புடிப்பாளா மாட்டாளான்னு கேட்டுக்கிட்டே அவனும் கூட சேந்து பாடிடுறான், அந்த ஒரு நிமிஷம் கடன், மானம், தோத்தது எல்லாமே ஒண்ணுமில்லாம போயிடுது. அப்புறம் பாட்டு நிக்குது, எல்லாம் திரும்ப வந்துடுது. அப்பாகிட்ட போய், டவுனுக்குப் போக வண்டி கேக்குற மாதிரி ஒரு அலட்சியமான குரல்ல விஷயத்தச் சொல்றான், அப்பா திட்டுவாருன்னு பாத்தா திட்டவே இல்ல, கண்ணத் தாழ்த்திக்கிட்டு யாருக்கும் நடக்கறதுதான்னு எதையோ தடவிக்கிட்டு வெளிய கெளம்புறாரு, அப்பதான் பையன் ஒடஞ்சு அழறான். இத எப்படி ஒரு மனுஷன் எழுதினான்னு புக்க மூடி வெச்சிட்டேன் அன்னிக்கு.

போர் வர்ற இடமும் நெனச்ச மாதிரி இல்ல, வீர வசனம் எதுவும் கிடையாது. நெப்போலியனோட நடக்கற ஆஸ்டர்லிட்ஸ் சண்டைக்கு முந்தின ராத்திரி ரஷ்யத் தரப்பு தளபதிங்க கூட்டம், ஒருத்தர் ஜெர்மன்ல திட்டத்த நீட்டி முழக்கி வாசிச்சுட்டு இருக்காரு, தலைமைத் தளபதி குட்டுசோவ் உக்காந்த இடத்துலயே நிஜமாவே தூங்கறாரு. மறுநாள் தோல்வி. ஆந்த்ரே அடிபட்டு மல்லாக்க கிடந்து வானத்தப் பாக்குறான், பக்கத்துல அவன் கும்பிட்டுக்கிட்டு இருந்த நெப்போலியனே வந்து நிக்கறாரு, ஆனா அந்த வானத்துக்கு முன்னாடி அந்தாளு ரொம்பச் சின்னதாத் தெரியறாரு. டால்ஸ்டாய் கிரிமியப் போர்ல செவஸ்தபோல்ல நேர்ல இருந்தவரு, குண்டு பறக்கறப்ப யாருக்கும் என்ன நடக்குதுன்னே தெரியாதுங்கறத அனுபவிச்சவரு. அது ஒவ்வொரு சண்டைலயும் தெரியுது.

குறையும் சொல்லணும்ல. இப்போ நான் மூணாவது வால்யூம்ல, நெப்போலியன் ரஷ்யா மேல படையெடுத்த 1812க்கு வந்துட்டேன், இங்கதான் மனுஷன் கதைய நிறுத்திட்டு வகுப்பெடுக்க ஆரம்பிக்கறாரு. போர் ஏன் வந்துச்சு? நெப்போலியன் ஆசப்பட்டதாலன்னு சொல்லாதீங்க, ஒரு சாதாரண பிரெஞ்சு கார்ப்பரல் ரெண்டாவது தடவ பட்டாளத்துல சேர மாட்டேன்னு சொல்லி, எல்லாரும் அப்படியே சொல்லியிருந்தா போரே வந்திருக்காதே, அப்ப அவனும் ஒரு காரணம்தானேங்கறாரு. முதல் தடவ படிக்கும்போது அடேங்கப்பான்னு இருந்துச்சு. ஆனா அதையே ஆப்பிள் பழுத்து விழுறத வெச்சு ஒரு தடவ, வேற உதாரணம் வெச்சு ஒரு தடவ, திரும்பவும் ஒரு தடவன்னு போனா, சார் எனக்குப் புரிஞ்சிடுச்சு, நட்டாஷாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்கன்னு கத்தத் தோணுது. அந்த இடத்துல வேகமா புரட்டறதுல தப்பே இல்ல.

எந்த மொழிபெயர்ப்புன்னு கேப்பீங்க. நான் படிக்கறது லூயிஸ் மாட், ஐல்மர் மாட் தம்பதியோட பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, 1920கள்ல வந்தது, அவங்களுக்கு டால்ஸ்டாய நேர்லயே பழக்கம், காப்பிரைட் முடிஞ்சதால நெட்ல இலவசமா கிடைக்குது. தமிழ்ல டி.எஸ். சொக்கலிங்கம் பண்ணது இருக்கு, நான் மேல சொன்ன போரும் வாழ்வும்ங்கற பேரு அவரு வெச்சதுதான்.

அடுத்து டார்வின். குரங்குலருந்து மனுஷன் வந்தான்னு எழுதின புக், கடவுள எதுத்து எழுதின புக், இதானே ஊர்ப் பேச்சு? தெறந்து பாருங்க, முதல் அத்தியாயத்துல பூரா புறா! மனுஷன் தனக்குக் கிடைச்ச அத்தன வகைப் புறாவையும் வாங்கி வளத்திருக்காரு, லண்டன்ல ரெண்டு புறா வளப்பு கிளப்புல மெம்பராவும் சேந்திருக்காரு. வால விசிறி மாதிரி விரிக்கிறது, கழுத்த பலூன் மாதிரி ஊதுறதுன்னு பாக்க வேற வேற பறவை மாதிரி இருக்கற இதெல்லாம் ஒரே மாடப்புறாலருந்து மனுஷன் பொறுக்கிப் பொறுக்கி வளத்ததால வந்ததுதான்னு காட்டிட்டு, மனுஷனால கொஞ்ச காலத்துல இவ்ளோ முடியும்னா இயற்கைக்கு எவ்ளோ முடியும்னு அங்கருந்து கெளம்புறாரு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் பிரதிய படிச்சுப் பாத்த ஒருத்தரு, பேசாம புறாவப் பத்தி மட்டும் புக் போடச் சொல்லுங்க, புறான்னா எல்லாருக்கும் புடிக்கும்னு பதிப்பாளருக்கு யோசனை சொன்னாராம். நல்லவேள கேக்கல. 1859 நவம்பர்ல வந்துச்சு, முதல்ல அடிச்சது 1,250 காப்பிதான். மனுஷன் எப்படி வந்தான்ங்கறதப் பத்தி அதுல இருக்கறது கடைசில ஒரே ஒரு வரி, அதுவும் வருங்காலத்துல வெளிச்சம் கிடைக்கும்ங்கற அளவுல.

எனக்கு இந்த புக்குல புடிச்சது தியரி இல்ல, ஆளோட பொறுமை. செடிங்க கடல் தாண்டி தீவுக்கு எப்படிப் போச்சுன்னு ஒரு சந்தேகம், உடனே 87 வகை விதைய எடுத்து உப்புத் தண்ணில ஊறப் போடுறாரு, 28 நாள் கழிச்சு பாத்தா 64 வகை மொளைக்குது. குளத்தோரத்துலருந்து மூணு கரண்டி சேறு எடுத்து மூடி வெச்சு அதுலருந்து மொளச்சு வர்ற ஒவ்வொண்ணையும் பிடுங்கி எண்ணுறாரு, 537 செடி. அப்ப ஒரு பறவையோட கால்ல ஒட்டுற சேறு எவ்ளோ தூரம் விதைய கொண்டு போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எதிராளி கேக்கறதுக்கு முன்னாடி ஆறாவது அத்தியாயத்துல என் தியரில இருக்கற சிக்கல் இதெல்லாம்னு அவரே எழுதிடுறாரு, கண்ணு மாதிரி ஒரு உறுப்பு படிப்படியா வந்திருக்கும்னு நம்ப முடியலல்ல, எனக்கும் அபத்தமாதான் தோணுதுன்னு ஆரம்பிச்சு, ஒவ்வொரு படியா காட்டிட்டு வர்றாரு. ஆன்லைன்ல சண்ட போடுற நம்மாளுங்க எல்லாரும் இந்த ஒரு அத்தியாயத்த படிச்சா நல்லா இருக்கும், நடக்காதுன்னு தெரியும்.

போரடிக்கற இடமும் உண்டு, கலப்பினம் பத்தின எட்டாவது அத்தியாயம் எனக்கு ரம்பம், எந்த செடிய எதோட சேத்தா விதை வரும் வராதுன்னு போயிட்டே இருக்கு. இன்னொண்ணு, வாங்கறதா இருந்தா முதல் பதிப்பு எதுன்னு பாத்து வாங்குங்க. அவரு உயிரோட இருக்கும்போதே 1872க்குள்ள ஆறு பதிப்பு வந்துடுச்சு, ஒவ்வொண்ணுலயும் விமர்சனத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஆறாவதுல வாதம் ரொம்ப சுத்தி வளைக்குது. முதல் பதிப்புதான் நேரா இருக்கு.

கடைசியா குறுந்தொகை. ஸ்கூல் முடிஞ்சதும் நம்மள்ல நிறைய பேரு அத மூட்ட கட்டி வெச்சாச்சு, மனப்பாடப் பகுதி, ரெண்டு மார்க்கு, சொற்பொருள் விளக்கம். இப்போ மார்க்கு பயம் இல்லாம எடுத்தா வேற மாதிரி இருக்கு. 401 பாட்டு, பெரும்பாலும் நாலு வரிலருந்து எட்டு வரிக்குள்ள, 205 புலவருங்க. சில பேருக்கு சொந்தப் பேரே கிடைக்கல, அவங்க பாட்டுல வர்ற ஒரு உவமையே அவங்களுக்குப் பேராயிடுச்சு. ஓரேருழவனார், விட்டகுதிரையார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார், கல்பொருசிறுநுரையார். ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு தன்னப் பத்தி மிச்சம் இருக்கறது தான் எழுதின ஒரு உவமை மட்டும்தான்னா, எழுதறவனுக்கு அத விட என்னங்க வேணும்?

குப்பைக்கோழியார் பாட்ட எடுத்துக்கோங்க, 305ஆவது. குப்பமேட்டுல ரெண்டு கோழி சண்ட போடுது, ஏவி விடவும் ஆளில்ல, விலக்கி விடவும் ஆளில்ல, அதுங்களா ஓஞ்சாதான் உண்டு. என் காம நோயும் அப்படித்தான், தானா தீந்தாதான் தீரும், தீத்து வைக்க ஒருத்தரும் இல்லன்னு தலைவி சொல்றா. காதலச் சொல்றதுக்கு நிலா, பூ எதுவும் எடுக்காம குப்பமேட்டுக் கோழிய எடுத்தாரு பாருங்க, அந்த தைரியம்! ஓரேருழவனார் பாட்டும் (131) அப்படித்தான். மழ பேஞ்சு நிலம் ஈரமா இருக்கு, ஈரம் காயறதுக்குள்ள உழுதாகணும், ஆனா கைல இருக்கறது ஒரே ஒரு ஏர், அந்த உழவனோட பதட்டம்தான் வேலைய முடிச்சிட்டு காதலியப் பாக்கத் திரும்பறவனோட மனசுல. இத விட சுருக்கமா அவசரத்த எப்படிச் சொல்றது.

வேகமா படிக்க முடியாதுங்கறதுதான் இங்க விஷயம். நாவல்ல ஒரு அத்தியாயம் காமணி நேரத்துல ஓடிடுது, இந்த ஆறு வரி அன்னிக்கு முழுக்க மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டுக்கு மேல போனா எல்லாம் கலந்துடும், பசலை, வளை கழலறது, தோழி, திரும்ப பசலைன்னு எல்லாம் ஒண்ணு மாதிரி ஆயிடும். நான் வெச்சிருக்கறது உ.வே.சா. உரை, 1937ல முதல்ல வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம், அதே மாதிரி வேற எந்தப் பாட்டுல வருதுங்கற வரைக்கும் குடுத்திருப்பாரு. ஆரம்பத்துல அந்த உரைநடையே கொஞ்சம் கரடுமுரடாத்தான் இருக்கும். முதல்ல பாட்ட ரெண்டு தடவ வாய்விட்டுப் படிச்சிட்டு, புரிஞ்சது புரியட்டும்னு விட்டுட்டு, அப்புறம் உரைக்குப் போங்க. உரைய முதல்ல பாத்தா பாட்டு செத்துடுது.

நடுவுல வெற்றி பெற பத்து வழி டைப்ல ஒரு புக்கும் ஆரம்பிச்சேன், பரிசா வந்தது. முதல் அத்தியாயத்துல சொன்னதையே ரெண்டாவதுல வேற கலர் எழுத்துல சொல்லியிருந்துச்சு, அப்படியே வெச்சாச்சு.

அடுத்தவங்களுக்குச் சொல்வீங்களான்னு கேட்டிருக்கீங்க. குறுந்தொகைய யாருக்கு வேணா கண்ண மூடிட்டு சொல்வேன். டார்வின, தோட்டமோ பறவையோ பூச்சியோ புடிக்கறவங்களுக்கு, வெறும் வாதம் தேடறவங்களுக்கு இல்ல. டால்ஸ்டாய, முதல் நூறு பக்கம் பேரு குழம்புனா கோவப்படாதவங்களுக்கு.

ஒரு சந்தேகம், முழுசா முடிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க: கடைசில வர்ற பின்னுரையோட ரெண்டாவது பகுதி பூரா கதையே இல்லாம வரலாறு பத்தின பாடம்தான்னு சொல்றாங்களே, அத படிச்சே ஆகணுமா, இல்ல முதல் பகுதியோட மூடி வெச்சிடலாமா? கதை மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.