மகனுக்காக டிரஸ்ட்: எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 63, மதுரையில் இருக்கிறோம். 26 வயது மகனுக்கு அறிவுசார் குறைபாடு. ஒரு வீடும், வங்கியில் 40 லட்சம் ரூபாய் டெபாசிட்டும் உண்டு. எங்கள் காலத்துக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள டிரஸ்ட் எழுத நினைக்கிறோம். பத்திர எழுத்தர் ஒருவர் இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வக்கீல் அவசியமா? அவரை எப்படித் தேடுவது?

பதில்: அவசியம். பத்திர எழுத்தர்களின் கைவசம் இருப்பது பெரும்பாலும் பொது அறக்கட்டளைக்கான மாதிரிதான். உங்களுக்குத் தேவை, 1882-ம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும் தனியார் டிரஸ்ட்; அதாவது பொதுமக்களுக்காக அல்லாமல் உங்கள் மகனுக்காக மட்டும் எழுதுவது. பெயர் மட்டும் மாற்றி எழுதினால் பின்னால் சிக்கல்.

கோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. வழக்காடுவது வேறு, ஆவணம் எழுதுவது வேறு. சிறப்புப் பள்ளிப் பெற்றோரிடமும் உங்கள் ஆடிட்டரிடமும் விசாரியுங்கள்: யார் எழுதிய டிரஸ்டுக்கு ஆண்டுதோறும் சிக்கலில்லாமல் வரிக் கணக்கு தாக்கலாகிறது? இணைய விளம்பரத்தை நம்பிப் போகாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்வதே பார் கவுன்சில் விதிக்குப் புறம்பானது.

முதல் சந்திப்பிலேயே வரியைப் பற்றிக் கேளுங்கள். மகனுக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் (டிரஸ்டை நிர்வகிப்பவர்களின்) விருப்பத்துக்கு விட்டுவிட்டால், பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே உச்ச விகித வரி. 40 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி 2.8 லட்சம்; உச்ச விகிதம் பொருந்தினால் அதில் குறைந்தது 84,000 ரூபாய் வரிக்கே போய்விடும். வருமானம் முழுவதும் மகனுக்கே என்று பங்கை நிர்ணயித்து, திரும்பப் பெற முடியாதபடி எழுதினால் அது மகனின் வருமானமாகவே கணக்கிடப்படும். வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. ரத்து செய்யும் உரிமையை நீங்கள் வைத்துக்கொண்டால் வருமானம் உங்கள் கணக்கில் சேரும். இந்த மூன்றையும் விளக்கத் தடுமாறுகிறவர் உங்களுக்கான வக்கீல் அல்ல.

அடுத்து, முதல் டிரஸ்டி இறந்தால் யார்? அடுத்தவரை நியமிக்கும் உரிமை யாருக்கு? இந்தப் பகுதி விடுபட்டால் கடைசியில் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். மகனுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை (அவன் சார்பில் முடிவெடுப்பவரை) நியமிப்பது தனி வேலை. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல வக்கீல் இதை அவராகவே எடுத்துச் சொல்வார்.

எல்லாவற்றையும் இப்போதே டிரஸ்டில் போட வேண்டாம். மாற்றிவிட்டால் உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட எடுக்க முடியாது. 15 லட்சத்தில் தொடங்கி, மீதிப் பணமும் வீடும் உயில் வழியாக அதே டிரஸ்டுக்குப் போகட்டும். வீட்டை இப்போதே சேர்ப்பதென்றால் பத்திரப் பதிவு கட்டாயம். கையெழுத்திட்ட 4 மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முத்திரைத்தீர்வை எவ்வளவு என்று வக்கீலிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரச் சலுகை டிரஸ்டுக்கும் உண்டு என்று பலர் தாமாகவே நினைத்துக்கொள்கிறார்கள்; நீங்கள் அப்படி முடிவு செய்துவிடாதீர்கள்.

கட்டணத்தையும் முதலிலேயே பேசி, வரைவு, திருத்தங்கள், பதிவு என மூன்று தவணையாகக் கொடுங்கள். வரைவைக் கையெழுத்துக்கு முன் ஆடிட்டர் ஒருமுறை படிக்கட்டும்.