ஐலண்ட் வேண்டாம், நறுக்கும் இடம் வேண்டும்

கேள்வி: புதிதாகக் கட்டும் வீட்டில் சமையலறைக்கு 12 அடி நீளமும் 8 அடி அகலமும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு குறுகிய சுவரில் கதவு, எதிர்ச் சுவரில் ஜன்னல். எனக்கும் என் கணவருக்கும் சமையலில் கொள்ளை ஆசை. விடுமுறை நாள் என்றால் இருவரும் சேர்ந்துதான் அடுப்படியில் நிற்போம். என் உயரம் 5 அடி 2 அங்குலம், அவர் 5 அடி 11 அங்குலம். டிசைனர் நடுவில் ஒரு ஐலண்ட் (சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் மேடை), வெள்ளை மார்பிள் மேடை, கதவில்லாத திறந்த அலமாரிகள் என்று படம் காட்டுகிறார். பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் நின்று சமைக்க வசதிப்படுமா என்று மனதுக்குள் உறுத்தல். எங்கிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஐலண்டை விட்டுவிடுங்கள். உங்கள் அறையின் அளவு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுவரோரம் மேடைக்கு 2 அடி போனால் மிச்சம் 6 அடி. ஐலண்டை 2 அடியில் சுருக்கிப் போட்டாலும் நடக்க இரண்டு பக்கமும் தலா 2 அடிதான் கிடைக்கும். ஓவன் கதவையோ கீழ் டிராயரையோ திறந்தால் அங்கே நிற்கவே முடியாது. ஒருவர் மட்டும் சமைக்கும் சமையலறைக்கு நடைவழி 42 அங்குலம், இருவர் சமைத்தால் 48 அங்குலம் என்பது வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. நீளமான இரண்டு சுவர்களையும் ஒட்டி எதிரெதிராக 2 அடி மேடை போட்டுப் பாருங்கள், நடுவில் சரியாக 48 அங்குலம் வந்துவிடும். உங்கள் அறை இருவருக்காகவே அளந்தது போல இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நறுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் அடுப்பை எங்கே வைப்பது, கேபினட் என்ன நிறம் என்று ஆரம்பிக்கிறார்கள். மிஞ்சிய இடத்தில் நறுக்கும் பலகை வந்து உட்காருகிறது. விரும்பிச் சமைப்பவர் அதிக நேரம் நிற்பது அந்தப் பலகையின் முன்னால்தான். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில், எதுவும் குறுக்கிடாத மேடை குறைந்தது 3 அடி வேண்டும். மிக்ஸியோ கெட்டிலோ அங்கே குடியேறக் கூடாது.

உங்கள் 12 அடிச் சுவரில் இதைப் போட்டுப் பார்ப்போம். கதவுப் பக்கமிருந்து, கடையிலிருந்து வந்த பையை இறக்கி வைக்க ஒன்றரை அடி. பிறகு சிங்க், இரண்டரை அடி. அடுத்து நறுக்கும் மேடை, மூன்றரை அடி. அதற்கப்புறம் அடுப்பு, இரண்டரை அடி. கடைசியில் ஜன்னல் பக்கம் 2 அடி, சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க. கூட்டிப் பாருங்கள், சரியாக 12. கழுவியதை நகர்த்தி நறுக்கி, நறுக்கியதைத் தள்ளி வாணலியில் போடலாம். கால் இரண்டு எட்டுக்கு மேல் நகராது. நறுக்கும் இடத்துக்கு நேர் கீழே குப்பை டிராயர் வைத்துவிடுங்கள். பலகையை மேடை விளிம்புக்கு இழுத்து, கத்தியின் முதுகால் ஒரு தள்ளு தள்ளினால் தோலும் காம்பும் நேராக உள்ளே விழும். ஒரு கையில் வெங்காயத் தோலை ஏந்திக்கொண்டு, மறு கையால் சிங்க்குக்குக் கீழே கதவைத் திறக்கும் வேலை மிச்சம்.

எதிர்ச் சுவரில் ஃபிரிட்ஜைக் கதவை ஒட்டி வையுங்கள். தண்ணீர் எடுக்க வருகிறவர் உங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போக வேண்டியிருக்காது. அதை அடுத்து உயரமான ஒரு சாமான் அலமாரி, அதிலேயே கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஓவன். மிச்சம் ஏறக்குறைய 6 அடி மேடை. அது உங்கள் கணவருக்கு.

‘சமையல் முக்கோணம்’ பற்றி டிசைனர் சொல்லியிருக்கலாம். சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள், மொத்தம் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி. 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யோசனை அது. நல்ல விதிதான். ஆனால் ஒருவர் தனியாகச் சமைப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இருவர் நிற்கும் வீட்டில் ஆளுக்கொரு நறுக்கும் இடம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி உயரம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி உங்கள் இருவரின் உயரம்தான். எல்லா வீட்டிலும் போடுகிற 36 அங்குல மேடையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். அதுதான் உங்கள் நறுக்கும் உயரம். உங்களுக்கு 34 பக்கம் வரும், அவருக்கு 39 பக்கம் வரலாம். மாவு பிசைய இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் தோளின் பலம் மாவில் இறங்கும். அடுப்புக்கும் தாழ்வே நல்லது, ஏனென்றால் பாத்திரத்தின் உயரம் மேலே ஏறிக்கொள்கிறது. சிங்க் நேர்மாறு, சற்று உயர்வாக வேண்டும்: கை வேலை செய்வது அதன் அடிமட்டத்தில், அது மேடையிலிருந்து 8, 9 அங்குலம் கீழே கிடக்கிறது.

ஆகவே சிங்க்கும் அடுப்பும் உள்ள மேடையை 35 அங்குலத்தில் வையுங்கள், எதிர் மேடையை அவருடைய அளவுக்கே உயர்த்துங்கள். அவர் இந்தப் பக்கம் வந்து நறுக்க நேர்ந்தால் தடித்த மரப்பலகை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கட்டி முடித்த மேடையைத் தாழ்த்தத்தான் வழியில்லை. இரண்டு மேடையும் ஒரே மட்டத்தில் இல்லையே, பார்க்க நன்றாக இருக்குமா என்று டிசைனர் தயங்குவார். எதிரெதிர்ச் சுவர் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முதுகுக்குத் தெரியும்.

அழகைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது புரிகிறது, எனக்கும் அதில் அக்கறை உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். ஏறத்தாழ 6 அடிக்கு 11 அடி, உங்களுடையதைவிடச் சின்னது. ரயிலின் உணவுப் பெட்டியில் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்து யோசித்தது. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து நறுக்க ஒரு மேஜை, கழிவைத் தள்ளிவிட அதிலேயே ஓர் இழுப்பறை. சாமான்களுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் வரிசையாக. பிடியைப் பிடித்து வெளியே இழுத்து அப்படியே கொட்டிக்கொள்ளலாம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது. அழகுக்காகத் தனியாக எதையும் சேர்க்கவில்லை, ஆனாலும் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் டிசைனருக்கும் காட்டுங்கள்.

சரி, வெள்ளை மார்பிள். தினமும் சமைக்கிற உங்களுக்கு வேண்டாம். மார்பிள் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு சற்று நேரம் கழித்து எடுத்தால், அந்த இடத்தில் வட்டமாகப் பளபளப்பு போய் மங்கியிருக்கும். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது. எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது, திரும்ப பாலிஷ்தான் போட வேண்டும். செயற்கை குவார்ட்ஸ் அமிலத்தைத் தாங்கும், ஆனால் அதில் கலந்திருக்கும் ரெசின் என்ற பிசின் சூட்டைத் தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்க முடியாது. அதை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு தொழிலாளிகளின் நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைத் தடை செய்துவிட்டது. என் மனதுக்கு அதுவே போதுமான காரணம். கிரானைட் வாங்குங்கள், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில். சூடும் அமிலமும் அதை லேசில் ஒன்றும் செய்யாது, அவ்வப்போது சீலர் பூசினால் எண்ணெயும் இறங்காது. கிரானைட்டையும் ஈரம் தெளித்து அறுக்கச் சொல்லுங்கள், அதிலும் சிலிக்கா உண்டு. வெள்ளை மேல் ஆசை இருந்தால் சுவர் டைல்ஸில் தீர்த்துக்கொள்ளலாம். பெரிய டைல்ஸாக எடுங்கள், இணைப்புக் கோடு குறையும், எண்ணெய்ப் பிசுக்கு தங்கும் இடமும் குறையும்.

சிம்னி விஷயத்தில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள். புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகைதான் வேண்டும். வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் வகை எண்ணெயைப் பிடிக்கும், வாசனையைக் கொஞ்சம் குறைக்கும். நீராவியும், கேஸ் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் அறையிலேயே தங்கிவிடும். உங்கள் அடுப்பு ஜன்னல் சுவருக்குப் பக்கத்தில் வருவதால் குழாய் குட்டையாக, வளைவு அதிகமில்லாமல் போகும். நான் அடுப்பை அந்தப் பக்கம் போடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். சிம்னியின் அகலம் அடுப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அதிகம் புகைகிற சமையலைப் பின் பர்னரில் வையுங்கள், புகை நேராக உள்ளே போகும். இண்டக்‌ஷன் அடுப்பு யோசனை இருந்தால், அதற்கும் ஓவனுக்கும் தனித்தனி மின் இணைப்பு இப்போதே இழுத்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைப்பது பெரும்பாடு.

விளக்கு. கூரை நடுவில் ஒரு விளக்கு மட்டும் இருந்தால் வெளிச்சம் முதுகில் விழும், உங்கள் நிழல் பலகையில் விழும். கத்தி முனை இருட்டில். மேல் கேபினட்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி எல்.இ.டி. பட்டை வையுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்போதுதான் வதங்குவது பொன்னிறமா, கருகத் தொடங்கிவிட்டதா என்று நிறம் சரியாகத் தெரியும்.

மேடைக்குக் கீழே கதவு வைத்த அலமாரி வேண்டாம், எல்லாமே முழுசாக வெளியே வரும் டிராயர். கதவு அலமாரியில் பின் வரிசைப் பாத்திரத்தை எடுக்க மண்டியிட்டு, முன்னால் இருப்பதை எல்லாம் தரையில் இறக்க வேண்டும். டிராயரில் மேலிருந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள், இரும்பு வாணலிகள் கனம். சிங்க்குக்குக் கீழே மட்டும் எம்.டி.எஃப். (மர நாரை ஒட்டி அழுத்திய பலகை) போட விடாதீர்கள், ஒரு கசிவு போதும், ஊறி உப்பிவிடும்.

திறந்த அலமாரி ஒன்று வைத்துக்கொள்ளலாம், அடுப்புக்கு எதிர்ச் சுவரில். தினமும் எடுத்துக் கழுவுகிற தட்டும் கிண்ணமும் மட்டும் அதில் இருக்கட்டும். எப்போதோ எடுப்பவை எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்து பிசுபிசுத்துவிடும்.

வேலையைத் தொடங்கச் சொல்வதற்கு முன் ஒரு மாலை வெறும் அறைக்குப் போங்கள், இருவரும். தரையில் சாக்பீஸால் மேடை, சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வரைந்து, டிராயர் திறந்தால் எதுவரை வரும் என்பதையும் கோடு போடுங்கள். அதற்குள் நின்று, நீங்கள் வழக்கமாகச் சேர்ந்து செய்கிற ஒரு சமையலைக் கழுவுவதிலிருந்து இறக்கி வைப்பது வரை நடந்து பாருங்கள். எங்கே முட்டிக்கொள்கிறீர்களோ அதைக் குறித்து டிசைனரிடம் கொடுத்து, வரைபடத்தை மாற்றி வாங்குங்கள்.